புதுக் காரில் குறை வந்தால்: டீலரிடம் வேலை வாங்கும் வரிசை

கார் எடுத்து மூன்றாவது வாரம். வேகத்தடை ஏறினால் முன்பக்கம் ‘டொக்’ என்கிறது. சர்வீஸ் சென்டரில் காட்டினால், “புது வண்டி சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து அதே சத்தத்துக்காகக் குரலை உயர்த்தும்போது, அன்றைக்குப் போய் வந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இருப்பதில்லை.

டீலர் ஏன் தட்டிக்கழிக்கிறார் என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. வாரண்டி வேலையை அவர் கைக்காசில் செய்வதில்லை. பார்ட்டை மாற்றிவிட்டு, தயாரிப்பு நிறுவனத்திடம் கிளெய்ம் போட்டுப் பணம் வாங்குகிறார். புகார் விவரம், படம், ஃபால்ட் கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் குறை எண்), கழற்றிய பழைய பார்ட் என்று நிறுவனம் எல்லாம் கேட்கும். ஆதாரம் பத்தாமல் கிளெய்ம் திரும்பினால் நஷ்டம் டீலருக்கு. அந்த கிளெய்ம் பாஸ் ஆகும்படி புகாரைக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. கீழே உள்ளவை எல்லாம் அதற்கான வரிசை. முன்பின் மாற்றினால் வேலை கெடும்.

1. முதலில் ஒரு ஃபைல்

டாக்ஸ் இன்வாய்ஸ், ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்று, ஃபார்ம் 22 என்ற சாலைத்தகுதிச் சான்று, ஆர்.சி., இன்சூரன்ஸ், வாரண்டி புத்தகம், எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அதன் சான்று, ஆக்சஸரி பில், புக்கிங் படிவம் ஆகிய எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் போடுங்கள். சேல்ஸ் எக்சிகியூட்டிவ் வாட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர் வேறு ஷோரூமுக்கு மாறிப் போனால் அந்த எண்ணே இருக்காது.

இதில் இரண்டு தேதிகளைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, வாரண்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக பில் போட்டுவிட்டு, வண்டியைப் பத்து நாள் கழித்துக் கொடுப்பது உண்டு. டீலர் சிஸ்டத்தில் எந்தத் தேதி ஏறியிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, தயாரிப்பு மாதம். ஃபார்ம் 21-இல் மாதமும் வருடமும் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம். காருக்குப் பிறகு பிறந்த டயர் அதில் இருந்தால், டயர் எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும்.

வாரண்டிக் கெடுவை நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2024 ஜூலையில் மாருதி சுசூகி தன் வாரண்டியை 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. ஆக்கியது. ஜூனில் எடுத்தவருக்குப் பழைய கணக்கு. ஆகஸ்டில் அதே மாடலை எடுத்தவருக்குப் புதுக் கணக்கு. உங்கள் புத்தகத்தில் அச்சாகியிருப்பதுதான் உங்களுக்குச் செல்லும்.

2. இது யார் தலையில் விழும் குறை?

எல்லாக் குறைக்கும் ஒரே கவுண்டர் இல்லை. தவறான ஆளிடம் சண்டை போட்டே பலருக்கு முதல் மாதம் கழிந்துவிடும்.

கீறல், பெயின்ட் வித்தியாசம், ஜாக்கி இல்லாமை, வாக்களித்த மேட் வராமை போன்றவை டெலிவரிக் குறைகள். விற்ற டீலர் மட்டுமே இதற்குப் பொறுப்பு. அன்றே, முடிந்தால் ஷோரூம் வாசலைத் தாண்டும் முன்பே மெயில் போய்விட வேண்டும். மறுநாள் சொன்னால் “வீட்டுக்குப் போற வழியில உரசியிருக்கும் சார்” என்ற பதில் தயாராக இருக்கும். மறுபெயின்ட் அடித்த சந்தேகம் இருந்தால் பெயின்ட் தடிமன் மீட்டர் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். மற்ற பேனல்கள் 110 காட்டும்போது ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அந்தக் கதவுக்கு ஒரு கதை இருக்கிறது. சின்னக் கீறலுக்கு “முழுக் கதவையும் அடிச்சுத் தர்றோம்” என்றால் சம்மதிக்க அவசரப்பட வேண்டாம். தொழிற்சாலையில் வெறும் பாடியை 140 டிகிரி அளவில் சுட்டு எடுக்கிறார்கள்; வொர்க்‌ஷாப் பூத்தில் அது 60 டிகிரிதான். நகத்தால் தடவி நகம் சிக்காத கீறலென்றால் பாலிஷோடு விடுவதே மேல்.

எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏ.சி., எலக்ட்ரிக்கல் எல்லாம் வாரண்டிக்குள் வருபவை. இதற்கு விற்ற டீலரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. அந்த நிறுவனத்தின் எந்த அங்கீகார வொர்க்‌ஷாப்பிலும் காட்டலாம். இது பலருக்குத் தெரியாது. ஓரிடத்தில் ‘நார்மல்’ என்றதை இன்னோரிடத்தில் குறை என்று எழுதித் தருவது நடக்கிற விஷயம்.

பேட்டரிக்கும் டயருக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் வாரண்டி தனி. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு ஆகியவை தேயும் பொருட்கள். இவற்றுக்கு வாரண்டி கிடைப்பது கஷ்டம். எலி கடித்த வயர், சாலைப் பள்ளத்தில் வளைந்த வீல், வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின் எல்லாம் இன்சூரன்ஸ் கணக்கு. வாரண்டியில் கேட்டு நிற்காதீர்கள்.

ரீகாலையும், அதாவது குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வதையும், பார்த்துவிடுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று காட்டும். வந்தால் வாதமே வேண்டாம், வேலை இலவசம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 110அ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து அதற்கான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை செல்லும்.

பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் வாசனை, ஏர்பேக் விளக்கு ஆகிய நான்கும் தனி வகை. ஓட்டிக்கொண்டு போய்க் காட்டக் கூடாது. ரோடுசைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிட்டு டோ செய்து அனுப்புங்கள். உயிர் முக்கியம் என்பதோடு, டோ செய்ததற்கு ஒரு டிக்கெட் எண்ணும் கிடைக்கும். வண்டி ஓட்டும் நிலையில் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

3. குறையைத் திரும்ப வரவழைத்துப் பதிவு செய்யுங்கள்

சர்வீஸ் சென்டரில் வண்டியை நிறுத்தியதும் சத்தம் மாயமாகிவிடும். அதனால் அங்கே போகும் முன்பே, எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற இரண்டையும் கண்டுபிடித்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா? எந்த கியர், என்ன வேகம்? ஏ.சி. போட்டா, அணைத்தா? திருப்பத்திலா, நேரிலா? மெக்கானிக் தேடுவது இந்தத் தகவலைத்தான்.

வீடியோ எடுக்கும்போது ஓடோமீட்டர் முதல் ஐந்து விநாடி தெளிவாகத் தெரிய வேண்டும். அதன்பின் குறை. பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். ஓட்டுபவர் போனைத் தொட வேண்டாம். பாட்டை நிறுத்துங்கள், ப்ளோயரை ஒன்றில் வையுங்கள்.

அடிக்கடி வரும் சில புகார்களை வீட்டிலேயே ஓரளவு பிரித்துவிடலாம்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது: முதலில் குளிர்ந்த டயரில் காற்று பாருங்கள். நம் சாலைகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருப்பதால் லேசாக இடதில் போவது குறை ஆகாது. காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயருக்கு மட்டும் இது கூடாது. இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குறை டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ. இதைச் செய்யாமல் போனால் மூன்று முறை அலைன்மென்ட் மட்டுமே செய்து அனுப்புவார்கள்.

ஸ்டீயரிங் அதிர்வு: 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் மட்டும் வந்து அதற்கு மேல் குறைந்தால் வீல் பேலன்சிங். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். இரண்டையும் சேர்த்து ‘வைப்ரேஷன்’ என்று சொன்னால் பேலன்சிங்கோடு நின்றுவிடும்.

ஏ.சி. குளிரவில்லை: பத்து ரூபாய் பேச்சுக்குப் பதில் ஒரு தெர்மாமீட்டர். ரீசர்குலேஷன் போட்டு, குளிர் முழுதாக வைத்து, பத்து நிமிடம் ஓட்டியபின் நடு வென்டில் அளவிடுங்கள். வெளி வெப்பத்தையும் குறியுங்கள். ஓடும் வண்டியில் 10 டிகிரியைச் சுற்றி வந்தால் பேச ஒன்றுமில்லை. 15-ஐத் தாண்டிவிட்டால் அது எழுதத் தக்க எண்.

காலடியில் ஈரம்: தெளிந்த தண்ணீர் என்றால் ஏ.சி. வடிகுழாய் அடைப்பு. பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். உடனே போக வேண்டும். சன்ரூஃப் வண்டியில் மழைக்குப் பின் மட்டும் வந்தால் சன்ரூஃபின் வடிகுழாய்களைச் சந்தேகப்படலாம்.

மைலேஜ்: டேங்க் நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். குறைந்தது மூன்று முறை. ஆனால் விளம்பரத்தில் வரும் ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண் சோதனைக்கூட எண். அது வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம். வேறு குறைக்குத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் படம் எடுத்துவிட்டு அப்படியே போங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது, ஆன்லைனில் வாங்கிய ஸ்கேனரால் ஃபால்ட் கோடை அழிப்பது இரண்டும் கூடாது. குறை எந்த நிலையில் வந்தது என்பதை கம்ப்யூட்டர் கோடோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் உங்கள் சாட்சியை நீங்களே அழித்ததாகும்.

4. ஜாப் கார்டு: சண்டை முழுக்க இங்கேதான்

சர்வீஸ் அட்வைசர் நல்லவராகவே இருப்பார். ஆனால் காலையில் அவர் முன் இருபது வண்டி நிற்கும். நீங்கள் ஐந்து நிமிடம் விளக்கியதை அவர் ஜாப் கார்டில், அதாவது உங்கள் புகாரும் செய்யும் வேலையும் பதிவாகும் தாளில், இரண்டு சொல்லில் அடிப்பார்: ‘நாய்ஸ் செக்’. மாலையில் மெக்கானிக் கையில் போவது அந்த இரண்டு சொல்தான். ‘செக்டு, ஓகே’ என்று திரும்பி வரும். காகிதத்தில் பார்த்தால் அன்று உங்கள் வண்டியில் குறையே இல்லை.

அதனால் புகாரை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். ஒரு குறைக்கு ஒரு வரி. இப்படி:

‘ஓடோ 2,340. காலையில் முதல் 5 நிமிடம், இரண்டாம் கியர், 20–30 கி.மீ. வேகம். வேகத்தடையில் ஏறும்போது முன் இடது சக்கரப் பக்கம் ஒற்றை டொக் சத்தம். இறங்கும்போது இல்லை. வீடியோ கொடுக்கப்பட்டது.’

இதை அப்படியே புகார்ப் பகுதியில் டைப் செய்யச் சொல்லுங்கள். “இடம் பத்தாது சார்” என்றால் தாளை ஜாப் கார்டோடு பின் செய்யச் சொல்லி, கார்டில் ‘இணைப்பு 1 பக்கம்’ என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பிரதியிலும் அவர் கையெழுத்து வேண்டும்.

என்ன குறை என்பதை எழுதுங்கள். எந்த பார்ட் கெட்டது என்று எழுதாதீர்கள். ‘ஷாக் அப்சார்பர் மாற்றவும்’ என்று எழுதினால், ஷாக் அப்சார்பரைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். அதே சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடையோ ஸ்ட்ரட் மவுண்ட்டையோ யாரும் தொட மாட்டார்கள். யூடியூப் பார்த்துவிட்டு நோயின் பெயரையும் சொல்பவர்கள் அதிகம் விழும் குழி இது.

ஃப்ரீ சர்வீஸோடு சேர்த்து இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சர்வீஸ் வண்டிகளுக்கு மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்ற ஓட்டம் இருக்கும். ஆயில் மாற்றிக் கழுவி அனுப்பிவிடுவார்கள். வாரநாளில், செவ்வாயோ புதனோ, இந்தக் குறைக்கென்று தனி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

“ஜாப் கார்டு எதுக்கு சார், இப்பவே பார்த்துடலாம்” என்று பானெட்டைத் திறப்பார்கள். உதவி போலத் தெரியும். ஜாப் கார்டு திறக்காத வேலை நடக்காத வேலை. மரியாதையாக, “கார்டு போட்டுட்டே பாருங்க” என்று நின்றுவிடுங்கள். வாரண்டி முடிய ஒரு வாரம் இருக்கும்போது இது இன்னும் முக்கியம். கெடு முடியும் முன் புகார் பதிவாகியிருந்தால், பார்ட் வரத் தாமதமாகிக் கெடு தாண்டினாலும் நீங்கள் கேட்க முடியும்.

5. வண்டியை விடும்போது

அட்வைசரோடு மட்டும் முடிக்காமல், வேலை செய்யப்போகிற மெக்கானிக்கையோ ஃப்ளோர் இன்சார்ஜையோ ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போங்கள். குறை வந்த நொடியில் “இதுதான்” என்று காட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் குறை என்றால் முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டுக்கு நேரில் போங்கள். வீட்டிலிருந்து ஓட்டிப் போனால் வழியிலேயே சூடாகிவிடும்.

ஓடோமீட்டர், எரிபொருள் முள், நான்கு பக்கம், உள்ளே இருக்கும் பொருட்கள் என எல்லாவற்றையும் படம் எடுங்கள். டெஸ்ட் டிரைவ் என்று எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கும், புதிதாக வந்த கீறலுக்கும் இதுதான் பதில் சொல்லும்.

வண்டியில் ஃபால்ட் கோட் இருந்தால், அதை அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் கேட்டதையும் மறுத்ததையும் அன்றே ஒரு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

6. திரும்ப எடுக்கும்போது

பணம் கட்ட வேண்டியதில்லை என்பதால் பலரும் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பூஜ்ஜியம் ரூபாய்க்கு என்றாலும் இன்வாய்ஸ் வேண்டும். என்ன கண்டுபிடித்தார்கள், எந்த பார்ட்டை மாற்றினார்கள், பார்ட் எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒன்றும் மாற்றவில்லை என்றாலும் சரி. ‘சோதித்தோம், குறை தெரியவில்லை’ என்ற வரியும் உங்களுக்கு ஒரு தேதிதான்.

சாட்டிஸ்ஃபேக்‌ஷன் நோட்டில் கையெழுத்து கேட்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் போடாதீர்கள். குறை இருந்தால் கையெழுத்துக்கு மேலே ‘குறை தீரவில்லை, சத்தம் இன்னும் வருகிறது’ என்று கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள். கையெழுத்தே போட மாட்டேன் என்று கேட் பாஸுக்காக இரண்டு மணி நேரம் நிற்பதைவிட இது பலன் தரும்.

வேலை திருப்தியா, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு இரண்டு நாளில் நிறுவனத்திலிருந்து போன் வரும். அதற்கு முன்பே அட்வைசர் அழைப்பார்: “சார், கம்பெனியிலேர்ந்து கேட்பாங்க, பத்துக்குப் பத்து சொல்லிடுங்க.” அந்த மதிப்பெண் அவர்கள் ஊக்கத்தொகையைத் தொடும், கெஞ்சலுக்குக் காரணம் அதுதான். உங்கள் கையில் இருக்கும் ஒரே காசு இது. குறை தீர்ந்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள். தீரவில்லை என்றால், “குறை தீரட்டும், பத்து தருகிறேன்” என்று அட்வைசரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரக்கப்பட்டு 10 சொன்னவர் ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது, முதலில் எடுத்து நீட்டப்படுவது அந்த 10-தான்.

7. இரண்டாம், மூன்றாம் முறை

குறை திரும்பினால் புதிய ஜாப் கார்டு. அதில் முதல் வார்த்தையாக ‘ரிப்பீட்’ என்று போட்டு, பழைய கார்டு எண்ணைக் குறிப்பிடுங்கள். ரிப்பீட் வேலைகளைப் பெரும்பாலான வொர்க்‌ஷாப்பில் மேலே உள்ளவர்கள் தனியாகப் பார்ப்பார்கள். அதனால்தான் அந்தச் சொல்லைத் தவிர்க்கவும் முயல்வார்கள்.

அட்வைசரிடமிருந்து வொர்க்ஸ் மேனேஜர், அங்கிருந்து டீலரின் சர்வீஸ் ஜி.எம்., அதன்பிறகு நிறுவனத்தின் கஸ்டமர் கேர் என்று ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஏழு நாள் போதும். முதல் நாளே நிறுவனத் தலைவருக்கு ட்வீட் போட்டால், அது சுற்றி வந்து அதே அட்வைசர் மேசையில்தான் விழும். இந்த முறை அவர் கோபமாகவும் இருப்பார்.

மெயிலில் கோபம் வேண்டாம், பட்டியல் போதும்:

‘சேஸிஸ் எண், வாங்கிய தேதி.
மார்ச் 12, ஓடோ 1,180: ஜாப் கார்டு எண் இன்னது. முன் இடது சத்தம். நட் இறுக்கியதாகச் சொன்னார்கள். 40 கி.மீ.-க்குள் திரும்பியது.
ஏப்ரல் 3, ஓடோ 1,910: ஜாப் கார்டு எண் இன்னது. லிங்க் ராட் மாற்றினார்கள். சத்தம் குறையவில்லை.
ஏப்ரல் 20, ஓடோ 2,340: ஜாப் கார்டு எண் இன்னது. குறை இல்லை என்று எழுதித் திருப்பினார்கள். அன்றைய வீடியோ இணைப்பில்.
உங்கள் ஏரியா சர்வீஸ் மேனேஜர் முன்னிலையில் கூட்டுச் சோதனை வேண்டும். தேதியை 7 நாளுக்குள் தெரிவிக்கவும்.’

இதை ஆங்கிலத்திலும் எழுதி அனுப்புங்கள். படிப்பவர் குருகிராமிலோ புனேயிலோ இருக்கலாம். கடைசி வரி முக்கியம். டீலரின் ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பெரிதாக மாறப்போவதில்லை. பெரிய பார்ட்டுக்கு ஒப்புதல் தர நிறுவனத்தின் ஆள் வர வேண்டும். அவர் சோதிக்கும் நாளில் நீங்களும் இருந்தாக வேண்டும்.

அவர் காரில் ஏறி, “இந்த மாடலில் இப்படித்தான் இருக்கும்” என்றால், யார்டில் இருக்கும் அதே மாடல், அதே வேரியன்ட் வேறு வண்டியை அதே சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அது குறை அல்ல, அந்த வண்டியின் குணம், விட்டுவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. போனில் சொல்லும் எதையும் நம்பி விடாமல், அன்றிரவே ‘இன்று போனில் தாங்கள் சொன்னபடி...’ என்று மெயிலாக்குங்கள்.

8. அவர்களுக்குச் சாக்கு கொடுக்காதீர்கள்

வெளிக்கடையில் வயரை வெட்டி மாட்டிய எல்.இ.டி. விளக்கு, ஹார்ன், ரிமோட் லாக், வெளியில் பொருத்திய சி.என்.ஜி. கிட் ஆகியவை எலக்ட்ரிக்கல், எஞ்சின் கிளெய்ம்களை அடிக்கும் முதல் ஆயுதம். வயரை வெட்டாமல் கப்ளர் (செருகும் இணைப்பு) வழியாக மாட்டும் ஒரிஜினல் ஆக்சஸரி பரவாயில்லை.

சர்வீஸ் கெடுவில் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வாரம் ஒருமுறை மட்டும் வண்டி எடுப்பவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாதத்தைக் கோட்டைவிடுகிறார்கள். ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் கட்ட வேண்டும். அதில் பணம் கேட்டதற்காகச் சண்டை போட்டு சர்வீஸைத் தவற விடாதீர்கள்.

பி.எஸ்.6 (புகை மாசு விதி) டீசல் வண்டியில் டி.பி.எஃப்., அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரின், விளக்கு எரிந்தால் மேனுவலில் சொன்ன வேகத்தில், சொன்ன நேரம் ஓட்டிப் பார்த்ததை எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்துக்கு மட்டும் ஓட்டும் வண்டியில் அடைப்பு வருவது இயல்புதான். ஓட்டியும் விளக்கு அணையாவிட்டால்தான் உங்கள் பக்கம் கேஸ் இருக்கிறது.

வாரண்டி மறுத்தால், எந்த நிபந்தனையின் கீழ் என்று வாரண்டிப் புத்தகத்தின் பிரிவோடு எழுத்தில் கேளுங்கள். ஹார்ன் மாற்றியதைக் காட்டி சஸ்பென்ஷன் கிளெய்மை மறுக்கும் தைரியம் வாயில் இருக்கும், எழுத்தில் வராது.

இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் உங்கள் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை. அடிபடுவது உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்). “சரிபண்ணும் வரை எடுக்க மாட்டேன்” என்று வண்டியை வொர்க்‌ஷாப்பில் போட்டுவிட்டு வருவதும் ஆபத்து. ஏன் எடுக்கவில்லை என்ற மெயில் இல்லாவிட்டால், பார்க்கிங் கட்டணம் கேட்டு நோட்டீஸ் வரும். ஓட்டுவதற்கு ஆபத்தில்லாத குறை என்றால் எழுத்தில் எதிர்ப்பைப் பதிந்துவிட்டு ஓட்டுங்கள்.

9. 1915-உம் நோட்டீஸும்

நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகார் பதிந்து, அதன் டிக்கெட் எண் கைக்கு வந்தும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. புகாரை நிறுவனத்தின் உரிய பிரிவுக்கு நேரே அனுப்பிப் பதில் வாங்குவார்கள். டீலரைத் தாண்டி நிறுவனத்தின் காதில் விழ வைக்க இது நல்ல குறுக்குவழி. பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடுகிறது.

முடியவில்லை என்றால் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். டீலருக்கு ஒன்று, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு. வழக்குக்கு இது கட்டாயம் இல்லை. ஆனால் நிறுவனத்தின் சட்டப் பிரிவு முதன்முதலாக உங்கள் ஃபைலைத் திறப்பது இந்த நோட்டீஸால்தான்.

10. நுகர்வோர் ஆணையம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வாங்கக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; டீலர் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. ஈ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் கெடு. டீலர் பேசிக்கொண்டே இருப்பதால் கெடு நின்றுவிடாது. பலர் ஏமாறுவது இதில்தான். தொழில் நிறுவனத்தின் பெயரில் வணிகத்துக்கு வாங்கிய வண்டியென்றால் நுகர்வோரே இல்லை என்ற வாதம் வரும். தானே ஓட்டிப் பிழைக்க வாங்கிய டாக்ஸிக்கு அந்தத் தடை இல்லை.

டீலர், நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். பழைய வண்டியைப் புதிது என்று விற்ற ஒரு வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸை விடுவித்தது. டீலர் செய்தது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படவில்லை என்பது காரணம். எனவே எந்தக் குறைக்கு யார் பொறுப்பு என்று மனுவில் பிரித்து எழுத வேண்டும். ‘இருவரும் ஏமாற்றினார்கள்’ என்று மொத்தமாக எழுதினால் ஒருவர் நழுவுவார், சில சமயம் இருவரும்.

புது வண்டி தா, முழுப் பணம் தா என்பதை மட்டும் கேட்காதீர்கள். கிளட்ச் கோளாறு பற்றிய மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில், குறையுள்ள பார்ட்டை மாற்றித் தருவதே வாரண்டியின் கடமை, முழு வண்டியை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. கோரிக்கையை அடுக்குங்கள்: குறையைக் கட்டணமின்றி நீக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த அசெம்பிளி (பார்ட்டுகள் சேர்ந்த தொகுதி) முழுவதையும் மாற்ற வேண்டும், அதுவும் முடியாவிட்டால் வண்டியையோ விலையையோ தர வேண்டும், இழப்பீடும் செலவும் தனி.

உற்பத்திக் குறை என்று சொன்னால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள். சோதனை இல்லாமல் தெரியாத குறையை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெற, சட்டத்தின் 38-ஆம் பிரிவு ஆணையத்துக்கு வழி தருகிறது. அதற்கான மனுவை முதல் விசாரணைகளிலேயே போடுங்கள். இரண்டு வருடம் ஓடித் தேய்ந்த வண்டியில் நிபுணருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஒரே குறைக்கு ஐந்து ஜாப் கார்டு இருந்தால், அறிக்கைக்கு முன்பே ஆணையம் உங்கள் பக்கம் காது கொடுக்கும்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள், அவ்வளவுதான். உத்தரவு உங்கள் பக்கம் வந்தால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய அவர்களுக்கு 45 நாள். அதற்கு, கட்டச் சொன்ன தொகையில் பாதியை முன்கூட்டியே செலுத்த வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் 71-ஆம் பிரிவில் நிறைவேற்றும் மனு போடுங்கள். 72-ஆம் பிரிவில் தண்டனையும் கேட்கலாம்: ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவின் சான்றிட்ட நகலை இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். மனுவோடு ஒன்று போய்விடும்.